பொன் சரிவிலே...

"ஒயின்" என்று எழுதியதுமே முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மணி! உங்களை யாரும் குடிக்கச் சொல்லப் போவதில்லை. ஒயினை ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட அதை விழுங்குவதில்லை. வாயில் வைத்துக் குதப்பிவிட்டு, பக்கத்திலிருக்கும் படிக்கத்தில் துப்பிவிடுகிறார்கள். வெற்றிலை போடும் பாட்டிமார் உள்ள வீடுகளில் இந்தக் காட்சி புதிதல்லவே! ஆகவே தைரியமாகப் புறப்படுங்கள். பிரெஞ்சு தேசத்தில் ஒரு சின்ன மலைச்சரிவைப் பார்த்துவிட்டு வருவோம்.

பாரிஸில் வேக ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் டிஜோன் நகரம் வந்துவிடும். அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனால், பழைய மதில் சுவர்களுக்குள்ளே ஓர் அழகான ஊர். அதன் பெயர் 'போன்'. "எங்கே போனீர்கள்?" என்று யாராவது கேட்டால், "போனுக்குப் போனேன்" என்றுதான் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தப் பிரதேசத்துக்குப் பர்கண்டி என்று பெயர். டிஜோனிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு, ரிப்பனை விரித்துப் போட்டாற்போல் கிழக்குப் பார்த்த ஒரு சரிவு. 'கோட் தோர்', அதாவது 'பொன் சரிவு' என்கிறார்கள். இலையுதிர் காலத்தில் கொடிகள் மஞ்சள் பூத்து நிற்பதைக் கண்டால், பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றும். சரிவின் வடபாதி சிவப்பு ஒயினுக்குப் பெயர் பெற்றது. வெள்ளை ஒயினின் ராஜ்யம் தென்பாதியில்தான். அங்கே மெர்ஸோ, புலினி, ஷஸான் என்று அடுத்தடுத்து மூன்று கிராமங்கள். புலினியின் பெயரில் புலி இருக்கிறது. அதன் ரசத்திலோ புளிப்புதான் பிரதானம். அந்தப் புளிப்பின் பெருமையைப் பின்னால் சொல்கிறேன்.

வரப்புக்கு வரப்பு வேறு ருசி

இங்கே வெள்ளை ஒயினுக்குப் பயன்படும் திராட்சை ஏறக்குறைய ஒரே ஜாதிதான்: ஷார்டொனே. ஆனால் ஒரு வரப்பைத் தாண்டினால் ருசி மாறிவிடும் என்று சத்தியம் செய்கிறார்கள். தனித்தனிப் பெயர் கொண்ட 1,247 துண்டு நிலங்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். 2015-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அவற்றை உலகப் பாரம்பரியச் சொத்தாக அங்கீகரித்தது.

அந்தத் துண்டுகளுக்கெல்லாம் மகுடம் போன்றது மோன்ராஷே. 'மொட்டைக் குன்று' என்பது அதன் பொருள். மொத்தப் பரப்பு 8 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 20 ஏக்கர். அந்த 20 ஏக்கரும் இரண்டு கிராமங்களின் எல்லைக்குள் வருகிறது. 1879-ல் இரண்டு கிராமங்களுமே அந்தப் பெயரைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன! புலினி 'புலினி-மோன்ராஷே' ஆயிற்று. ஷஸான் 'ஷஸான்-மோன்ராஷே' ஆயிற்று.

நெப்போலியன் காலத்துச் சட்டப்படி, தகப்பன் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு உண்டு. அதனால் தலைமுறைக்குத் தலைமுறை நிலம் பிரிந்துகொண்டே வந்து, சிலருக்கு நாலைந்து வரிசைக் கொடிகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. பெண்கள் சும்மா பெயருக்குப் பங்குதாரர்களாக இருக்கவில்லை. புலினியில் புகழ்பெற்ற லெஃப்லேவ் குடும்பப் பண்ணையை 1990-களிலிருந்து நடத்திவந்தவர் ஆன்-க்ளோட் லெஃப்லேவ் என்ற அம்மையார். ரசாயன உரத்தையும் மருந்தையும் ஒதுக்கிவிட்டு, மண்ணுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று கிளம்பி, அக்கம்பக்கத்தார் பலரையும் தம் வழிக்குத் திருப்பினார். 2015-ல் அவர் காலமானார்.

தர்மாஸ்பத்திரியின் தோட்டம்

போன் நகருக்கு வந்துவிட்டு ஹோட்டெல் தியூவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. சாப்பாட்டு ஹோட்டல் அல்ல இது. ஏழைகளுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி. பர்கண்டி பிரபுவின் மந்திரியாக இருந்த நிக்கோலா ரோலேன் என்பவரும் அவர் மனைவி கிகோன் தெ சாலேன் அம்மையாரும் 1443-ல் இதை ஸ்தாபித்தார்கள். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய்ப் பளபளக்கும் ஓடுகள் பட்டுப்புடவைக் கட்டம் போலக் கண்ணைப் பறிக்கின்றன. உள்ளே, நீண்ட கூடத்தில், சிவப்புத் திரை தொங்கும் கட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. கன்னிமார்கள் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த இடம். 1971 வரையில் இந்தக் கட்டடத்தில் வைத்தியம் நடந்தது, இப்போது மியூஸியம்.

பக்தியுள்ளவர்கள் ஆஸ்பத்திரிக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார்கள். அந்தத் தோட்டங்களின் ஒயினை 1859 முதல் ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். நவம்பர் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஊரே திருவிழாக் கோலம் கொள்கிறது. விற்பனை பாட்டில் கணக்கில் அல்ல, பீப்பாய்க் கணக்கில். ஒரு பீப்பாய்க்கு 228 லிட்டர். ஏறக்குறைய 300 பாட்டில் தேறும். பணம் வைத்தியத்துக்கும் தர்ம காரியங்களுக்கும் போகிறது.

கண், மூக்கு, நாக்கு

இனி நிலவறைக்குள் இறங்குவோம். சால்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள், கோடையிலும் உள்ளே குளிரும். ஓக் மரப் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. உங்கள் கையில் ஒரு கண்ணாடிக் கோப்பை வருகிறது. அடியில் மட்டும் கொஞ்சம் ஒயின்.

முதலில் கண். வெள்ளைத் துணிக்கு எதிரே கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். 'வெள்ளை' என்பது பேச்சுக்குத்தான். இளசாக இருந்தால் பச்சை ஓடிய வைக்கோல் நிறம். வயது ஏற ஏறப் பொன் நிறம்.

அடுத்தது மூக்கு. கோப்பையை ஒரு சுழற்றுச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை, வெள்ளைப் பூ, ஆப்பிள். அதற்குப் பின்னால் லேசாக வெண்ணெய் வாசனை! இது பிரமையல்ல. ஆப்பிளில் இருக்கும் அதே புளிப்புதான் திராட்சைச் சாற்றிலும் இருக்கிறது. பீப்பாயில் இருக்கும்போது, நம் வீட்டுப் பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் தாயாதிகள் அந்தக் காரமான புளிப்பைத் தயிரின் மெத்தென்ற புளிப்பாக மாற்றிவிடுகின்றன. வெண்ணெய்க்கு மணம் தரும் சத்தும் கூடவே பிறக்கிறது. பழைய ஒயினானால் வறுத்த கொட்டை, தேன், காளான் வாசனைகளும் சேரும்.

கடைசியாக நாக்கு. ஒரு வாய் உறிஞ்சி, கூடவே கொஞ்சம் காற்றையும் இழுத்து, குதப்பித் துப்புங்கள். துப்பிய பிறகுதான் பரீட்சையே! ருசி எத்தனை நேரம் வாயில் தங்குகிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். சாதா ஒயின் உடனே விடைபெற்றுக்கொள்ளும். உயர்ந்த ஒயின், நல்ல டிகிரி காப்பியைப் போல, வெகு நேரம் நாக்கை விட்டுப் போகாது.

பெயரைப் பார்த்து மயங்காமலிருக்க லேபிளை மறைத்துவிட்டு ருசிப்பதும் உண்டு. 1976-ல் பாரிஸில் அப்படி ஒரு பரீட்சை நடந்தது. ஒன்பது பிரெஞ்சு நிபுணர்கள் மதிப்பெண் போட்டார்கள். வெள்ளை ஒயினில் முதலிடம் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது! 1973-ஆம் வருஷத்து மெர்ஸோ இரண்டாவதாக வந்தது. பர்கண்டிக்காரர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரே தோட்டம், நான்கு பிள்ளைகள்

ரஸிகர்களுக்கு மிகவும் பிடித்தமான விளையாட்டு ஒன்று உண்டு. ஒரே தோட்டத்தின் வெவ்வேறு வருஷத்து ஒயின்களை வரிசையாக வைத்து ருசிப்பது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்; ஆனால் குணம் ஒன்றாகவா இருக்கிறது?

2003-ஆம் வருஷத்தை எடுங்கள். ஐரோப்பா முழுவதும் வெயில் தகித்தது. ஆகஸ்டு மாதத்திலேயே பழத்தைப் பறித்தார்கள். வெயில் ஏறினால் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். அந்த வருஷத்து ஒயின் கொழுகொழுவென்ற செல்லப் பிள்ளை. முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் தளர்ச்சி.

2014-ல் கோடை குளிர்ச்சியாகப் போய், செப்டம்பரில் நல்ல வெயில் அடித்தது. பழம் நிதானமாகப் பழுத்தது. புளிப்பும் சாரமும் சரிநிகராக அமைந்து, வகுப்பில் முதல் மாணவன் என்று பேர் வாங்கியது. 2020-ல் மறுபடியும் வெயில், மறுபடியும் ஆகஸ்டு அறுவடை. ஆனாலும் ஆச்சரியமாகப் புளிப்பு கெடவில்லை. 2021-ன் பிள்ளை ஒல்லி, சுறுசுறுப்பு. தேடினாலும் கிடைப்பது அபூர்வம்.

ஊறுகாய் வருஷம் தாங்குவதற்குப் புளிப்பும் ஒரு காரணம் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். புளிப்புதான் ஆயுளைக் காப்பாற்றும் கயிறு. நல்ல புளிப்புள்ள உயர்ந்த பாட்டில் இருபது வருஷம் தாங்கும் என்பது பழைய நம்பிக்கை. குழந்தை பிறந்த வருஷத்துப் பாட்டில்களை வாங்கி, அதன் கல்யாணத்துக்கென்று நிலவறையில் பத்திரப்படுத்தும் குடும்பங்கள் உண்டு.

பாட்டிலுக்குள் ஒரு துரோகம்

அந்த நம்பிக்கைக்கு ஓர் அடி விழுந்தது. 1995, 1996-ஆம் வருஷத்து ஒயின்களை ஏழெட்டு வருஷம் கழித்துத் திறந்தவர்கள் திகைத்துப் போனார்கள். நிறம் பழுப்பேறி, வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்தாற்போல் ஒரு வாசனை! அகாலத்தில் கிழடு தட்டிவிட்டது. அதிலும் வேடிக்கை, ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் பொன்னாக இருக்கும், அடுத்தது வீணாகியிருக்கும்.

தக்கையின் வழியாகக் காற்று புகுந்தது என்றார்கள் சிலர். கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகத்தைக் குறைத்ததுதான் தப்பு என்றார்கள் வேறு சிலர். பழத்தை மிக மென்மையாகப் பிழியும் புது யந்திரத்தையும், பீப்பாயைக் கிளறும் வழக்கத்தையும் குறை சொன்னவர்கள் உண்டு. குற்றவாளி ஒருவர் அல்ல, பலர் என்பதே இப்போது பலருடைய முடிவு. சிலர் தக்கையை மாற்றினார்கள். சிலர் வாயை மெழுகால் மூடினார்கள். நிலைமை தேறியிருக்கிறது, பயம் மட்டும் முழுவதும் போகவில்லை.

பனிக்கு எதிரே மெழுகு தீபம்

பாட்டிலாவது பிற்பாடு வருகிற கவலை. தோட்டக்காரனுக்கு ஏப்ரல் மாதத்து ராத்திரிகளைக் கடப்பதே பெரும் பாடு. மார்ச்சில் வெயில் அடித்தால் கொடி ஏமாந்து துளிர் விட்டுவிடுகிறது. 2021 ஏப்ரல் முதல் வாரத்தில் அப்படித் துளிர்த்த கொடிகள்மேல் கடும் பனி விழுந்தது. மெழுகு நிரப்பிய தகர டப்பாக்களை வரிசை வரிசையாக ஏற்றிவைத்து விடிய விடியக் காவல் காத்தார்கள். சரிவு முழுவதும் கார்த்திகை தீபம் போல் ஜொலித்தது. ஆனால் அது பண்டிகையல்ல. முந்தித் துளிர்க்கும் ஷார்டொனேக்குத்தான் பலத்த அடி. பல தோட்டங்களில் பாதிக்கு மேல் மகசூல் போயிற்று.

போன் நகரில் 1354 முதல் அறுவடைத் தேதிக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் தொகுத்து 2019-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 1988-க்கு முன்பு செப்டம்பர் கடைசியில் தொடங்கிய அறுவடை, அதன் பிறகு சராசரியாக 13 நாள் முந்திவிட்டதாம். அறுநூறு வருஷத்துக் கணக்குப் புஸ்தகம் பொய் சொல்லுமா? புளிப்பு குறைந்துகொண்டே போனால் மோன்ராஷேயின் ஆயுள் என்னவாகும் என்பதுதான் இப்போது ஒவ்வொரு நிலவறையிலும் கேட்கும் பேச்சு.

இவ்வளவு கவலைக்கும் நடுவே மனிதர்கள் சிரிக்காமல் இல்லை. ஆஸ்பத்திரி ஏலத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, மெர்ஸோவில் 'போலே' என்று ஒரு பெரிய விருந்து. 1923-ல் புத்துயிர் பெற்ற வழக்கம். ஒவ்வொருவரும் தம் வீட்டு நிலவறையிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்து அக்கம்பக்கத்தாருக்கு ஊற்றிக் கொடுக்கிறார்கள். நம் ஊர்க் கூட்டாஞ்சோறுதான்!

உங்களுக்கும் ஒரு நாள் அழைப்பு வந்தால், ஒரு பாட்டிலோடு போகாதீர்கள். அதே வருஷத்துப் பாட்டில் இரண்டாக எடுத்துக்கொண்டு போங்கள். எது பொன், எது பழுப்பு என்பது தக்கையைத் திறக்கும் வரையில் யாருக்குத் தெரியும்?