பெட்டியின் பின்பக்கத்து வினைச்சொல்

பட்டாசுப் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு மூன்று ஆங்கில வரிகள் இருக்கும். 'லைட் தி ஃபியூஸ்' என்கிற மாதிரி. இதில் வினைச்சொல் எது என்று சிவகாசிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், 'லைட்'டைத் தாண்டிப் போய்த்தான் தேடும். லைட் என்றால் வீட்டில் எரியும் விளக்கு, அது பெயர்ச்சொல்தானே! ஆனால் இங்கே திரியைக் கொளுத்தச் சொல்வதே அந்தச் சொல்தான்.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் வேண்டியிருந்தது, அதனால் ஊரில் அச்சகங்கள் பெருகின. பிள்ளைகள் திணறும் அந்த வரியை அச்சடிப்பது அந்தப் பிள்ளைகளின் ஊரேதான்.

தமிழில் வினைமுற்றுக்குக் கடைசிவரை காத்திருந்தே பழக்கம். 'கையில் பிடிக்காதே' என்பதில் செயலும் தடையும் கடைசிச் சொல்லில் சேர்ந்தே வருகின்றன. ஆங்கில ஏவலிலோ வினை வாசலிலேயே நிற்கிறது. வேண்டாம் என்று தடுக்கும் 'டோன்ட்' அதற்கும் முன்னால் வந்துவிடுகிறது.

'எங்கப்பா போர்மேன்.' பட்டாசு ஆலையில் வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளை இப்படிச் சொன்னால் வாக்கியம் முழுமையாகவே இருக்கிறது. பெயரே பயனிலையாக நிற்கத் தமிழ் இலக்கணம் இடம் கொடுக்கிறது. அதையே ஆங்கிலத்தில் 'மை ஃபாதர் போர்மேன்' என்று எழுதினால் தாளில் சிவப்புச் சுழி விழும். நடுவில் 'இஸ்' இல்லை. சரியான தமிழை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனதால் வந்த பிழை இது. அறியாமை என்று அதட்டுவது நியாயமில்லை. செயலைக் குறிப்பது வினை என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் 'இஸ்' எப்படிப் பிடிபடும்? அதில் கண்ணுக்குத் தெரியும் செயல் எதுவும் இல்லையே. 'வாஸ்' என்று காலம் மாறுவதைக் காட்டினால், அதுவும் வினைதான் என்பது விளங்கும்.

வினையை அடையாளம் காண ஒரு வழி இந்த ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது. 'பேக் பண்ணு', 'பிரிண்ட் பண்ணு', 'லோடு பண்ணு' என்று நாள் முழுக்கக் கேட்கும் சொற்கள் பலவும் ஆங்கிலத்தில் வினையாக நிற்கக்கூடியவை. ஆனால் 'டிபன் பண்ணு' என்றும் சொல்கிறோம், டிபன் வினையல்ல. அதனால் அடுத்த சோதனையும் வேண்டும்: காலத்துக்கேற்ப உரு மாறுகிறதா? 'பேக்' நேற்று நடந்ததென்றால் 'பேக்ட்' ஆகும். 'டிபன்' அப்படி மாறாது.

'பேக்கிங்' இன்னும் கொஞ்சம் ஏமாற்றும். 'ஷீ இஸ் பேக்கிங்' என்றால் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே அது வினை. 'பேக்கிங் இஸ் ஓவர்' என்றால் அது வேலையின் பெயர். வினை 'இஸ்' மட்டுமே. சொல்லைத் தனியே பிய்த்து எடுத்து மனப்பாடம் செய்வதில் பயனில்லை, வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தீபாவளி முடிந்ததும் காலிப் பெட்டிகள் நாலைந்தை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பின்பக்கத்து வரிகளில் வினைச்சொற்களைப் பிள்ளைகளே பென்சிலால் வட்டமிடட்டும்.