விதையை இரண்டு இடத்தில் வைத்த வீடு, கணக்கை ஒரே இடத்தில் வைத்தது

கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அது. இரண்டு ஏக்கர் நெல், ஒன்றரை ஏக்கர் மஞ்சள், மீதி அரை ஏக்கரில் மாட்டுக்குத் தீவனப்புல். மஞ்சள் வெட்டியதும் விதைக்கு ஒதுக்குவதில் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பாதி விதையைத் தங்கள் தோட்டத்து வேப்பமர நிழலில் குவித்து, மஞ்சள் தழையால் மூடி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி வைப்பார்கள். மீதிப் பாதி அந்தியூரில் இருக்கும் மச்சான் தோட்டத்துக்குப் போய்விடும். ஒரு வருஷம் வேப்பமரத்தடிக் குவியல் கிழங்கு அழுகலில் மொத்தமாகப் போனது. அந்தியூர் விதைதான் அந்தப் போகத்தைக் காப்பாற்றியது.

இப்படி விதையை இரண்டு இடத்தில் வைக்கத் தெரிந்த வீட்டில், முப்பது வருஷத்துக் கணக்கும் நினைவும் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது.

மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டி விற்ற 2010-ல் வாங்கிய கம்ப்யூட்டர் அது. பால் கணக்கு, மண்டி ரசீது, பட்டா, பத்திர நகல், கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான். அவற்றைவிடப் பெரியது அப்பாரு எழுதிய மழைக் கணக்கு. 1992-லிருந்து எந்தத் தேதியில் எத்தனை உழவு மழை பெய்தது, வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் விட்டார்கள், என்றைக்கு நிறுத்தினார்கள் என்று 14 நோட்டுகளில் அவர் எழுதி வைத்திருந்தார். 2020 ஊரடங்கில் பேத்தி வீட்டில் இருந்தபோது அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். விதை மஞ்சள் எப்படிப் பொறுக்குவது என்று அப்பாரு பேசியதை நாற்பது நிமிஷம் போனில் பதிவு செய்து, அதையும் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தாள். அடுத்த வருஷம் அப்பாரு காலமானார். பதிவு செய்த போனும் கொஞ்ச நாளில் கிணற்று மேட்டில் விழுந்து உடைந்தது. எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று நோட்டுகளை அட்டாலியில் போட்டுவிட்டார்கள்.

2023 ஆயுத பூஜைக்கு டிராக்டர், மோட்டார், மண்வெட்டியோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். ஈரோட்டில் கல்லூரியில் படிக்கும் மகன் லீவுக்கு வந்திருந்தான். கோயில் திருவிழா வீடியோவை வெட்டி ஒட்ட அவனுக்கு ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. பணம் கட்டி வாங்க வேண்டியதை இலவசமாகத் தருவதாக ஓர் இணையதளம் சொன்னது. ஏற்றுவதற்கு முன்பு ஆன்டி வைரஸை நிறுத்திவிடவும் என்றும் அதில் எழுதியிருந்தது. அவனும் நிறுத்தினான்.

அன்று இரவே போட்டோக்கள் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து முளைத்திருந்தது. காலையில் சரியாகிவிடும் என்று நினைத்து, கம்ப்யூட்டரை அணைக்காமலே படுத்துவிட்டான். பூஜை போட்டோக்களை நகலெடுப்பதற்காகச் செருகிய ஹார்டு டிஸ்க்கும் அதிலேயே இருந்தது. வீட்டில் இருந்த ஒரே மாற்று நகல் அதுதான். விடிவதற்குள் அதுவும் பூட்டிக்கொண்டது.

இரண்டு நாள் அவன் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பால் கணக்குப் பார்க்க அப்பா உட்கார்ந்தபோது ஓர் ஆங்கிலக் கடிதம்தான் திறந்தது. கோப்புகளைத் திறக்கும் சாவி வேண்டுமானால் 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். நம்ம பணத்துக்குச் சுமார் 40,000 ரூபாய்.

"நாந்தானுங்கப்பா பண்ணிட்டேன்" என்று மகன் அழுதுவிட்டான்.

அப்பா சத்தம் போடவில்லை. "ராத்திரி மடையைத் தொறந்து விட்டுட்டுத் தூங்கி, பக்கத்துக்காட்டு நாத்தை மூழ்கடிச்சவன்தான்டா நானும். தப்பு யாருக்கும் வரும். ஆனா ரெண்டு நாள் மறைச்சியே, அதுதான் தப்பு. பயிர்ல பூச்சியைப் பாத்தா, சொல்றதுக்கு நாள் பாப்பியா?" என்றார்.

கோபியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்த்ததும் அவர் சொன்னார்: "இது 'ஸ்டாப்' வகை வைரஸுங்கண்ணா. திருட்டு மென்பொருளோட சேர்ந்துதான் பெரும்பாலும் வரும். உங்க விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட பாதுகாப்பு அப்டேட்டும் நின்னு போச்சு. அன்னைக்கு ராத்திரியே நெட்டையும் கரண்ட்டையும் புடுங்கியிருந்தா பாதியாவது தப்பியிருக்கும்."

முதலில் வேறொரு போனிலிருந்து மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னார். இந்த வைரஸ் வரும்போது பாஸ்வேர்டு திருடும் வேறு நிரலையும் கூடவே கூட்டி வருவதுண்டாம். யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' இணையதளத்தில் பல வைரஸ்களுக்கு இலவசமாகத் திறப்பான் கிடைக்கிறது. அதையும் போட்டுப் பார்த்தார். வைரஸ் தன் சர்வரோடு தொடர்பு கிடைக்காமல் பூட்டியிருந்தால் சில சமயம் திறக்கும். இவர்கள் வீட்டில் நெட் ஓடிக்கொண்டிருந்ததால் திறக்கவில்லை.

அன்று இரவு அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. 40,000 ரூபாய் மஞ்சளுக்குக் களையெடுக்கவும் உரத்துக்கும் வைத்திருந்த பணம். அதைக் கொடுத்தால் அப்பாருவின் குரல் வருமா? கொடுத்தும் சாவி வராமல் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள் என்று கடைத் தம்பி சொல்லியிருந்தார். அம்மாதான் முடிவு சொன்னார்: "களவாணிக்குக் காசு குடுத்தா நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுக்கும் வருவானுங்க. வேண்டாமுங்க." இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகார் சொன்னார்கள். 72 மணி நேரம் கடந்து போனது.

அதன்பிறகுதான் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார்கள். பட்டா, சிட்டா அரசின் இ-சேவைத் தளத்தில் மறுபடி கிடைத்தது. வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் கிடைத்தது. பால் கணக்கு சொசைட்டிப் புத்தகத்தில் இருந்தது. மண்டிக்காரர் தன் பேரேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர்களுக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோக்கள் திரும்பி வந்தன. கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் முகம் தெரிந்தது.

அட்டாலியில் ஏறிப் பார்த்தால், 14 நோட்டுகளில் ஐந்தைக் கரையான் தின்றிருந்தது. பத்து வருஷத்து மழை. பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருமுறை கேட்டார் என்று மகள் சில பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்திருந்தாள். அவர் அதை விதைச் சீட்டுகளோடு மடித்து வைத்திருந்தார். ஆறு வருஷம் அதில் கிடைத்தது. நான்கு வருஷத்து மழை போனது போனதுதான்.

அப்பத்தா அப்போதுதான் கேட்டார்: "வெதையை மட்டும் ரெண்டு எடத்துல வெக்கத் தெரியுது. இதை ஏன் கண்ணு ஒரே எடத்துல வெச்சீங்க?" யாருக்கும் பதில் இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கடைத் தம்பி போன் செய்தார். "அண்ணா, இந்த வைரஸ் ஒவ்வொரு கோப்புலயும் ஆரம்பத்துல சுமார் 150 கேபி மட்டும்தான் பூட்டும். சின்னக் கோப்புன்னா முழுசாப் போயிரும். பெரியவர் பேசுனது நீளமான எம்.பி.3. பின்னால ஒட்டியிருந்த எழுத்தை எடுத்துட்டுப் போட்டேன், பாடுது."

எல்லோரும் கடைக்கு ஓடினார்கள். முதல் பத்து விநாடி இல்லை. "...அடிபட்ட கெழங்கைச் சேக்காதே, ஒண்ணு அழுகுனா குவியலே போயிரும்" என்று பாதியிலிருந்து அப்பாரு பேசத் தொடங்கினார். தொலைந்த பத்து விநாடியில் அவர் வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எல்லாரும் கேட்டுக்கோங்க" என்று சொல்லியிருந்தார். அது மகளுக்கு மட்டும்தான் சரியாக ஞாபகம் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல, அப்பா வெளியே போய் நின்றுகொண்டார்.

இப்போது அந்த வீட்டில் ஒரு புது வழக்கம். அமாவாசைக்கு ஏர் பூட்டுவதில்லை அல்லவா, அன்று மகள் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, புதிதாகச் சேர்ந்தவற்றை நகலெடுக்கிறாள். முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைக்கிறாள். செருகியே இருந்தால் அது மாற்று நகல் ஆகாது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு நகல் பென் டிரைவில் அந்தியூர் மச்சான் வீட்டில் இருக்கிறது. மழைக் கணக்கை அச்செடுத்து பைண்டு செய்து, இரண்டு பிரதி வைத்திருக்கிறார்கள். பூட்டிய பழைய கோப்புகளையும் அழிக்கவில்லை. என்றைக்காவது சாவி கிடைக்கலாம். பணம் கட்ட வேண்டிய மென்பொருளை ஓசியில் தருகிறேன் என்று யார் சொன்னாலும் மகன் ஏற்றுவதில்லை.

அந்தத் தை மாதம் மஞ்சள் வெட்டியபோது, மரத்தடியில் விதை பொறுக்கிக்கொண்டே அப்பாருவின் பேச்சைப் போனில் போட்டுக் கேட்டார்கள். குவியலுக்குப் பூச்சு முடிந்ததும், அந்தியூருக்குப் போகும் மூட்டைகளை மகன்தான் வண்டியில் ஏற்றினான். பென் டிரைவ் அவன் சட்டைப் பையில் இருந்தது.