ஜடாயு ஊரில் கால் கிலோ விமானம்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் திருப்புட்குழி. புள் என்றால் பறவை. ராவணனிடம் சிறகை இழந்து விழுந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் இதுதான் என்பது ஸ்தல புராணம். விஜயராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கே ஜடாயு தீர்த்தம் என்று பெயர். (வைத்தீஸ்வரன்கோயில்காரர்களும் இதே ஜடாயுவுக்கு உரிமை கொண்டாடுகிறார்கள். அந்த வழக்கில் நான் ஆஜராகவில்லை.)

இந்த ஊரில் ட்ரோன் விடப் போகிறேன் என்றால் பெருசுகள் சும்மா இருப்பார்களா? "பெரிய பறவைக்கே இங்க இந்த கதி, பாத்து விடு" என்றார் ஒருவர்.

விளையாட்டுக்காக ஆரம்பித்ததில்லை இது. அப்பாவுக்கு 84 வயது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து இரண்டு வருஷமாக நிலத்தைப் பார்க்கவில்லை. தார் ரோடு வரைக்கும் ஆட்டோ போகும். அப்புறம் இருநூறு மீட்டர் வரப்பு. அவரால் முடியாது. செல்போனில் படம் எடுத்து வந்து காட்டினால், "இது நம்ம நெல்லுன்னு எப்படிடா நம்புறது?" என்பார். அக்கா பையன்தான் யோசனை சொன்னான். "மாமா, ஒரு குட்டி ட்ரோன் வாங்கிடலாம்."

வாங்கினோம். எடை 249 கிராம். கத்தரிக்காய்க்காரர்கூட இவ்வளவு கறாராக நிறுக்க மாட்டார். காரணம், 2021-ம் வருஷத்து ட்ரோன் விதிகள். 250 கிராம் வரை 'நானோ'. அதற்கு பைலட் சர்டிபிகேட் தேவையில்லை. பொழுதுபோக்குக்கு விட்டால் 2 கிலோ வரைக்குமே தேவையில்லை. மற்றதற்கு 18-லிருந்து 65 வயதுக்குள் இருக்க வேண்டும், பத்தாவது பாஸ், அதற்கு மேல் பயிற்சி. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, அதில் குடவோலையில் பெயர் போட 35-லிருந்து 70 வயது என்று வெட்டியிருக்கிறார்கள். ஆக, 68 வயசுக்காரர் சோழர் காலத்தில் ஊரையே ஆளலாம். இன்றைக்கு ட்ரோன் சர்டிபிகேட் கேட்டால் கிடையாது!

முதல் வேலை, வானத்தின் நிறம் பார்ப்பது. நமக்கு நீலம். சர்க்கார் வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியைக் கேட்க வேண்டும். சிவப்பில் மத்திய சர்க்கார் சொன்னால்தான் உண்டு. பட்டிக்காட்டில் எவன் கேட்கப் போகிறான் என்று நினைக்காதீர்கள். நேர்கோட்டில் இருபது சொச்சம் கிலோமீட்டர் வடக்கே அரக்கோணத்தில் ராஜாளி இருக்கிறது. 1992-லிருந்து இயங்கும் கடற்படை விமானத் தளம். (கடலே இல்லாத ஊரில் கடற்படை!) அங்கே இறங்குகிற விமானம் கால் கிலோ பிளாஸ்டிக்குக்காக ஒதுங்கிப் போகாது. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிந்தது என்று யாரோ சொல்ல, ஏறக்குறைய ஆயிரம் விமானங்களும் 1,40,000 பயணிகளும் அவதிப்பட்டார்கள். விட்டது யார் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

இரண்டாவது வேலை, நடப்பது. வானத்தில் போக வேண்டிய வழியை முதல் நாள் மாலை தரையில் நடந்து பார்த்தோம். ஒரு பனைமரம், மோட்டார் கொட்டகைக்குப் போகிற கரண்ட் கம்பி, மேற்கே ஹைடென்ஷன் டவர். ட்ரோனில் 'வீடு திரும்பு' என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் வரும். வழியில் பனைமரம் இருந்தால் பனைமரத்துக்குள் வரும். அதனால் திரும்பும் உயரத்தை எல்லாவற்றுக்கும் மேலே, 60 மீட்டர் என்று வைத்தோம். டவர் பக்கம் போவதே இல்லை என்றும் முடிவு. இன்னொன்று, செயற்கைக்கோள் சிக்னல் சரியாகக் கிடைக்கும் வரை கிளப்பக் கூடாது. அவசரப்பட்டால் எது வீடு என்றே அதற்குத் தெரியாது. ஆட்டோ கூரையிலிருந்து கிளப்பலாம் என்றார் டிரைவர். இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் திசைகாட்டி குழம்பும் என்று மருமகன் மறுத்துவிட்டான். நெல் காயப்போடும் களம்தான் ஏர்போர்ட்.

பருந்துக்கும் ஒரு ஏற்பாடு. தாமல் ஏரிப் பக்கத்திலிருந்து வரும் பருந்துகளுக்கு இது விருந்தாளியா எதிரியா என்று தெரியாது. வட்டம் போட ஆரம்பித்தால் நாம் இறங்கிவிட வேண்டியதுதான். நெதர்லாந்து போலீஸ் ட்ரோன் பிடிக்கவே கழுகுகளைப் பழக்கினார்கள், 2016-ல். செலவு அதிகம், சொன்ன பேச்சும் கேட்கவில்லை என்று அடுத்த வருஷமே நிறுத்திவிட்டார்கள்.

முதல் நாள் காலை அப்பாவை ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டு போனோம். தரையில் காற்றே இல்லை. பனை ஓலை மட்டும் சலசலவென்று ஆடியது. மேலே காற்று இருக்கிறது, வேண்டாம் என்றான் மருமகன். திரும்பினோம். இரண்டாம் நாள் பக்கத்து வயலில் பத்துப் பதினைந்து பெண்கள் நடவு செய்து கொண்டிருந்தார்கள். மறுபடி வேண்டாம் என்றான்.

அப்பாவுக்குக் கோபம். "ஆளுங்க இருந்தா என்னடா? கால் கிலோதானே?"

"தாத்தா, கால் கிலோ கல்லு நூறு அடியிலேர்ந்து உங்க தலையில விழுந்தா?"

அப்பா பேசவில்லை. வழியெல்லாம் பேசவில்லை. இன்னும் எத்தனை காலை அவருக்கு இப்படி ஆட்டோ ஏறி இறங்க முடியும் என்கிற கணக்கு எனக்கும் ஓடியது. டாக்டர் சாலைக் குலுக்கலே கூடாது என்றிருந்தார். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவசரப்படுவான்.

மூன்றாம் நாள், ஆறே முக்கால். ஓலை அசையவில்லை. வயலில் ஆளில்லை. மருமகன் ஸ்கிரீனைப் பார்க்க, நான் வரப்பில் நின்று வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் விட வேண்டும் என்பது விதி. ஸ்கிரீனையே பார்ப்பவனுக்குப் பருந்து தெரியாது. கொஞ்சநஞ்சம் வந்த காற்றுக்கு எதிராகத்தான் முதலில் போக விட்டோம். திரும்பும்போது காற்றே தள்ளிக் கொடுக்கும், பேட்டரி மிச்சம்.

நான் வந்து சேர்ந்தபோது அப்பா ஸ்கிரீனை மூக்கருகே வைத்துக் கொண்டிருந்தார். கிணறு தெரிந்தது. அவர் நட்ட தென்னை ஏழும் தெரிந்தன. எண்ணினார். கண் கலங்கியது போலிருந்தது.

"கொஞ்சம் கிழக்கே போகச் சொல்லு."

போயிற்று.

"அந்த வரப்பு ஏன்டா வளைஞ்சிருக்கு?"

பார்த்தோம். நடுவில் மட்டும் நம் பக்கமாக ஒரு தொப்பை. தரையில் நடந்து பார்த்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் அம்மா வழியில் சொந்தம். பொங்கலுக்குக் கரும்பு கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார்.

"பேட்டரி முப்பது பர்சன்ட் தாத்தா, இறக்கணும்."

"இறக்கிட்டு வேற போடு" என்றார் அப்பா. "நான் கயிறு புடிச்சுப் போட்ட வரப்புடா அது."

சர்வேயருக்கு மனு எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தக் கரும்புக்காரரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் நானும் மருமகனும் இப்போது யோசித்துக் கொண்டிருக்கிறோம்.