ஜி.என்.ஆரும் மேற்கோள் கணக்கும்

ஒரு ஆராய்ச்சியாளரை எடைபோட இப்போதெல்லாம் இரண்டு கேள்விதான். எத்தனை கட்டுரை? எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரனை இந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பை, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார் (1954, 1955). ஆய்வுக்கான கொலாஜன், பக்கத்தில் அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது!

1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் எழுதிய கட்டுரை வெறும் 5 பக்கம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று அதில் கணக்கிட்டார்கள். அதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்றும் புதிய புரத அமைப்புகளை அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட விஷயத்துக்குப் பலர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதே இல்லை. படம் இருக்கும், பெயர் இருக்கும்; மேற்கோள் கணக்கில் மட்டும் ஒன்று கூடாது.

நோபல் பரிசும் கிடைக்காமலே 2001ல் சென்னையில் காலமானார். எண்ணைப் பார்த்து மட்டும் வேலையும் நிதியும் கொடுப்பவர்கள் அந்த 5 பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.