தும்புத்தடியைக் கொடுத்தது நான்தான்



நாலு வருசமாகப் பூட்டிக் கிடந்த மேல்மாடி வகுப்பறையைத் திறந்தோம். தரை முழுக்கப் புறா எச்சம், ஓரங்களில் விரல் தடிப்புக்கு. சிரமதானம்தானே என்று தரம் 9 பிள்ளைகளிடம் தும்புத்தடியைக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் அறையெல்லாம் வெள்ளைத் தூசு. வீசிங் உள்ள ஒரு பிள்ளை, "சேர், மூச்செடுக்க ஏலாம இருக்கு" என்று வாசலில் குந்திவிட்டான். இன்ஹேலர் பையில் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இத்தனைக்கும் நான் விஞ்ஞான ஆசிரியர்! புறா எச்சத்தில் கிரிப்டோகொக்கஸ் என்ற பங்கசு வளரும், காய்ந்ததைக் கூட்டினால் தூசோடு நுரையீரலுக்குள் போகும் என்பது தெரியாததல்ல.

மறுநாள் பெரியவர்கள் மூவர் மட்டும் போனோம். ஜன்னல்களைத் திறந்து, சவர்க்காரத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து ஊறவிட்டோம். குழாயால் பீய்ச்சவில்லை, அதுவும் தெறிக்கும். ஈரத்தோடு சுரண்டி இரட்டைப் பையில் கட்டினோம். கையில் கையுறை, முகத்தில் என்95 மாஸ்க். கொரோனாக் காலத்துத் துணி மாஸ்க் இதற்குச் சரிவராது. உடைந்த கண்ணாடிக்கு வலை அடிக்காவிட்டால் புறா திரும்பவும் வரும். அதற்கு இன்னும் காசு சேரவில்லை.

பின்னேரம் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், பிழை என்னுடையது என்று உம்மாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. பிளேன்டீ தந்தார்.