பழைய லாரியும் புதிய ஸ்டியரிங்கும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தின் சாலையோர லாரிப் பட்டறைகளில் பாடி கட்டுதல், டிங்கர் வேலை, பெயின்டிங், வயரிங், லேத் என ஒவ்வொரு தொழிலும் தனித்தனிக் கொட்டகையாகப் பிரிந்து நிற்கிறது. ஆனால் பழைய லாரியின் ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டுக் கடையில் வாங்கிய வேறொன்றை மாட்டும் வேலையை இவற்றுள் எதுவும் தனக்கே உரியதாகக் கொள்வதில்லை. மெக்கானிக் கழற்ற, லேத்காரர் கடைந்து கொடுக்க, வயரிங்காரர் ஹார்னை இணைக்க, குஷன்காரர் உறை தைக்க என நால்வர் கைகளைக் கடந்து முடியும் இவ்வேலையை அருகிலிருந்து கவனிப்பவருக்கு முதலில் புலப்படுவது, மாட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட மாட்டலாமா என்று தீர்மானிப்பதற்கே தேர்ந்த மேஸ்திரி அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதாகும்.

இந்தியாவில் லாரிகள் நெடுங்காலம் இன்ஜின், சேஸிஸ், முன்முகப்பு ஆகியவற்றோடு மட்டும் விற்கப்பட்டன. கேபினும் சரக்குப் பெட்டியும் வெளிப் பட்டறைகளில் மரத்தாலும் தகட்டாலும் கட்டப்பட்டன. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் வண்டியாயினும், 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கூட்டுறவில் டாடா தயாரிக்கத் தொடங்கிய வண்டியின் வழிவந்ததாயினும், டிரைவரின் இருக்கை எவ்வளவு உயரத்தில் எவ்வளவு பின்தள்ளி அமைய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடி கட்டும் ஆசாரியே முடிவு செய்தார். ஸ்டியரிங் தொழிற்சாலையில் குறித்த இடத்தில் நிற்க, இருக்கை பட்டறையில் குறித்த இடத்தில் நின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட டிரைவரின் வயிற்றுக்கும் தொடைக்கும் போதிய இடம் உண்டா என்பதை இரண்டில் எந்தத் தரப்பும் அளந்து பார்க்கவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயமாகிவிட்டதால் கேபின் தொழிற்சாலையிலேயே கட்டப்படுவது கூடும்; அப்போது இந்தப் பொருத்தமின்மை பெரும்பாலும் பழைய வண்டிகளின் சிக்கலாகவே எஞ்சி நிற்கும்.

ஸ்டியரிங்கை மாற்றுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. எஃகுக் கம்பியின் மேல் வார்க்கப்பட்ட கெட்டிப் பிளாஸ்டிக் வெயிலில் வெடித்து, குறிப்பாக ஆரக்கால் விளிம்போடு சேரும் இடத்தில் பிளந்து, உள்ளங்கையைக் கிழிக்கிறது. அல்லது பெரிய ஸ்டியரிங் இடத்தை அடைக்கிறது. அல்லது ஆயுத பூஜைக்கு முன் வண்டியைப் புதுப்பிக்க விரும்பும் ஓனருக்குக் கடையில் தொங்கும் சிறிய, பளபளப்பான ஸ்டியரிங் பிடித்துப்போகிறது. இவற்றுள் கடைசிக் காரணமே மிகுந்த எச்சரிக்கைக்கு உரியது. எண்ணெய் அழுத்தத்தின் துணையோடு சக்கரங்களைத் திருப்பும் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில், ஸ்டியரிங் என்பது டிரைவரின் தோள்வலுவைப் பெருக்கித் தரும் நெம்புகோலேயாகும். அதன் விட்டம் குறையக் குறையத் தேவைப்படும் விசை கூடும். 55 செ.மீ. விட்டமுள்ளதை எடுத்துவிட்டு 45 செ.மீ. உள்ளதை மாட்டினால், அதே திருப்பத்துக்கு ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதல் விசை வேண்டும். காலியாக நிற்கும் வண்டியை ஷெட்டுக்குள் திருப்பிப் பார்க்கும் ஓனருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது; முழு லோடோடு மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் திரும்பும் டிரைவருக்குத் தெரியும். எனவே பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிக்குச் சிறிய ஸ்டியரிங் மாட்ட மறுக்கும் மேஸ்திரியைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிட முடியாது.

மேலும், ஸ்டியரிங் சரியில்லை என்று வரும் வண்டிகளில் குறை பெரும்பாலும் ஸ்டியரிங்கில் இருப்பதில்லை. முன்சக்கரங்கள் அசையாமல் நிற்க ஸ்டியரிங் மட்டும் வெறுமனே ஆடும் தளர்ச்சிக்குப் பட்டறை வழக்கில் ‘ப்ளே’ என்று பெயர். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி, இந்தத் தளர்ச்சி 30 பாகைக்கு மேற்படக்கூடாது என்றும், இணைப்புகளிலுள்ள பந்து மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும், போல்ட்டுகள் தாமாகக் கழலாதவாறு பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 50 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் 30 பாகை என்பது சுமார் 13 செ.மீ., அதாவது அரைச் சாணுக்குச் சற்றே அதிகம். சட்டம் இவ்வளவு இடம் தந்தாலும், நல்ல மேஸ்திரிக்கு அதில் பாதியைக் கண்டாலே முகம் சுருங்கிவிடும்.

ப்ளே பார்க்கும் முறை எளியதாயினும் இருவர் வேண்டும். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, டாஷ்போர்டிலிருந்து நீட்டிய ஒரு கம்பிக்கு நேராக விளிம்பில் சாக்பீஸால் கோடிட்டு, சீட்டில் அமர்ந்தவர் இரண்டு விரல்களால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைக்க, ஹெல்பர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையால் பொத்திப் பிடிக்கிறார். ஸ்டியரிங் பாக்ஸ் என்னும் பல்சக்கரப் பெட்டியிலிருந்து தொங்கும் கையாகிய டிராப் ஆர்ம், அதன் அசைவை முன்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிராக் லிங்க், இரண்டு முன்சக்கரங்களையும் ஒருசேரத் திருப்பும் டை ராடு ஆகியவற்றின் முனை மூட்டுகளில் தேய்மானம் இருந்தால், ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாமலும் நிற்கும் அந்த நொடிப்பொழுது கண்ணுக்குத் தப்பினாலும் உள்ளங்கைக்குத் தப்புவதில்லை. மேலே ஸ்டியரிங் அசைந்தும் கீழே டிராப் ஆர்ம் அசையவில்லையெனில் குறை பாக்ஸிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது. டிராப் ஆர்ம் அசைந்தும் சக்கரம் அசையவில்லையெனில் குறை அதற்கும் கீழே. பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் இதே சோதனையை இன்ஜினை ஓடவிட்டுச் செய்வதே வழக்கம். ஹெல்பராகச் சேரும் பையன் இத்தொழிலில் முதலில் பழக்கிக்கொள்வது ஸ்பேனரை அல்ல, இந்தத் தொடுகையையே.

கழற்றும் வேலை பேட்டரி இணைப்பை எடுத்துவிடுவதில் தொடங்குகிறது. நடுவிலுள்ள ஹார்ன் பட்டனை நெம்பி எடுத்ததும் உள்ளே பெரிய நட் தெரியும். அதைத் தளர்த்த வேண்டுமேயன்றி முழுவதும் கழற்றிவிடக் கூடாது, ஏனெனில் ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த ஸ்டியரிங் திடீரென விடுபடும்போது சில மரைகளில் நிற்கும் அந்த நட்தான் அது மேஸ்திரியின் முகவாயில் மோதாமல் தடுக்கிறது. பின்னர் தண்டிலும் ஸ்டியரிங்கிலும் பஞ்ச் கொண்டு நேருக்கு நேராக ஒரு புள்ளி குத்தி, மூன்று கைகொண்ட புல்லரை மாட்டி நடுத்திருகைச் சிறிது சிறிதாக முறுக்குகிறார்கள். அவசரப்படுபவர்கள் புல்லர் இல்லாமல் பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் அடிப்பதையும் காணலாம்; அந்த அடி தண்டு வழியாக இறங்கிப் பாக்ஸின் பேரிங்கைத் தாக்கி, ப்ளே இல்லாத வண்டிக்கும் ப்ளேயை வரவழைத்துவிடுகிறது.

புதிய ஸ்டியரிங்கின் உண்மையான விலை அதன் விளிம்பிலோ பளபளப்பிலோ இல்லை. நடுவிலுள்ள பாஸ் எனப்படும் குமிழில் இருக்கிறது. தண்டின் மேல்முனையில் நீளவாக்கில் வெட்டப்பட்டுள்ள நுண்ணிய பற்கள் இந்தக் குமிழின் உட்பற்களோடு கவ்வுவதால்தான் திருப்புவிசை கடத்தப்படுகிறது. பற்களின் எண்ணிக்கை, தண்டின் குறுக்களவு, சரிவு ஆகியவை கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது பல நேரங்களில் எதற்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. ஐயமிருந்தால் தண்டில் மெல்லிதாகச் சாயம் தடவி, குமிழை அழுத்திப் பார்த்து எடுத்து, சாயம் சுற்றிலும் சீராக ஒட்டியிருக்கிறதா என்று லேத்காரர் பார்க்கிறார். பொருந்தாதபோது பழைய குமிழை வெட்டியெடுத்துப் புதிய ஆரக்கால்களில் வெல்டிங் வைக்கும் குறுக்குவழியும் வழக்கில் உள்ளது. வெல்டிங் சூட்டில் இரும்பின் தன்மை மாறி, ஒட்டின் ஓரத்தில் வெளித்தெரியாமல் விரிசல் விடக்கூடும் என்பதால் இது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. பழைய குமிழை அச்சு பிசகாமல் கடைந்து, புதிய விளிம்பை உயர்தர போல்ட்டுகளால் அதன்மேல் பூட்டுவது கூலி கூடிய வேலை என்றாலும் ஒப்புக்கொள்ளத்தக்கது.

பொருத்தும்போது எழும் மற்றொரு சிக்கல் நடுநிலையைக் கண்டறிவது. ஸ்டியரிங் பாக்ஸின் உட்பற்கள் நேர்நிலையில் மிக நெருக்கமாகவும் இருபுறம் திரும்புகையில் சற்றே தளர்வாகவும் கவ்வுமாறு அமைக்கப்படுவதால், வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் தன் நடுப்புள்ளியில் நின்றாக வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றை எண்ணிச் சரிபாதியில் நிறுத்திய பின்னரே ஆரக்கால்கள் நேராக அமையுமாறு ஸ்டியரிங் மாட்டப்படுகிறது. 36 பற்கள் கொண்ட தண்டில் ஒரு பல் தவறினால் 10 பாகை கோணிவிடும். அக்கோணலை மறைக்க டிராக் லிங்கின் நீளத்தைத் திருகி மாற்றுவோரும் உளர். பார்வைக்கு ஆரக்கால் நேராகிவிட்டாலும், பாக்ஸ் நடுப்புள்ளியை விட்டு விலகி, நேர்சாலையிலும் வண்டி அலையத் தொடங்கும்.

ஹார்ன் வேலை குறுகியது: ஸ்டியரிங்கின் பின்புறத்திலுள்ள பித்தளை வளையத்தைச் சிறு கார்பன் துண்டு ஒன்று உரசியபடி மின்னிணைப்பைத் தருகிறது, புதிய குமிழில் வளையம் சற்று உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஹார்ன் அடிக்காது, அல்லது அடித்தது நிற்காது. இந்தச் சாக்கில் பல்லிசை ஹார்ன் கேட்கும் டிரைவர்களுக்கும் குறைவில்லை. அது 119ஆவது விதிக்குப் புறம்பானது என்பதை அறிந்தே கேட்கிறார்கள். இறுதியாக குஷன்காரர் ரெக்சினை விளிம்பின் சுற்றளவுக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, இழுத்துப் பிடித்து, கைப்பிடி உருளாதவாறு உட்புறத்தில் தையல் ஓட்டுகிறார். தளர்ந்த உறை வியர்வைக் கையில் சுழன்றுவிடும் என்பதால், இது அலங்கார வேலையாகத் தோன்றினும் பாதுகாப்பு வேலையேயாகும். ஓனர்கள் உறைக்கும் ஸ்டியரிங்குக்கும் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, ப்ளே பார்த்ததற்கான கூலியில் கழிக்கப் பார்ப்பது இத்தொழிலாளர்களின் நீங்காத மனக்குறை.

புதிதாக மாட்டிய நட் ஒரு லோடு ஓடிய பின் சிறிது தளர வாய்ப்புள்ளதால் திரும்ப வந்து முறுக்கிக்கொள்ளுமாறு மேஸ்திரி சொல்லி அனுப்புகிறார். வடமாநிலத்துக்கு லோடு ஏற்றிச் செல்லும் வண்டி அதே பட்டறைக்கு எப்போது திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே நட்டிலிருந்து தண்டு வரை மஞ்சள் பெயின்டால் ஒரே கோடாக இழுத்துவிட்டு, போகும் வழியில் ஹார்ன் பட்டனைக் கழற்றிப் பார்க்கவும், கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் அருகிலுள்ள பட்டறையிலேயே முறுக்கிக்கொள்ளவும் டிரைவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.