இருபது நிமிடக் காத்தான்

உயர்தர வகுப்பில் ‘நாடகமும் அரங்கியலும்’ படிக்கிற பிள்ளைகள் கூத்தைப் பற்றி நிறையவே அறிந்தவர்கள். வடமோடிக்கும் தென்மோடிக்கும் என்ன வேறுபாடு, இசை நாடகத்தை யாழ்ப்பாணத்தார் ஏன் ‘டிறாமா’ என்றார்கள், சிந்துநடைக் கூத்தின் ஆட்டம் எப்படி என்றெல்லாம் கேட்டால் பந்தி பிரித்து எழுதிவிடுவார்கள். ஆனால் கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் என் வகுப்பில் மிகச் சிலரே. அதற்காகவே எங்கள் பிரதேசத்துக் கலாசாரப் பேரவை நடத்திய கலை இலக்கிய விழாவுக்கு அவர்களை அழைத்துப் போனேன்.

இலங்கையில் பிரதேச செயலகங்கள் தோறும் இப்படியான விழாக்கள் நடக்கின்றன. ஊர்வலம், மங்கல விளக்கு, வரவேற்பு நடனம், தலைமையுரை, மலர் வெளியீடு, நயப்புரை, கலைஞர் கௌரவிப்பு என்று நிகழ்ச்சி நிரல் நீளும். அந்த மலர்களை நான் மிகவும் மதிக்கிறேன். எந்தப் பெரிய வரலாற்று நூலிலும் இடம்பெறாத அண்ணாவிமார், மிருதங்கக்காரர், ஒப்பனைக்காரர் எல்லாருடைய பெயர்களும் அவற்றில்தான் அச்சேறுகின்றன. ஊரின் கலை வரலாற்றை எழுத வருகிறவர் முதலில் தேட வேண்டியது அவற்றையே.

கௌரவிப்பின்போது பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். வயது முதிர்ந்த ஒருவர் பொன்னாடை வாங்க மேடையேறியதும் என் மாணவி ஒருத்தி எழும்பி நின்றுவிட்டாள். “ரீச்சர், அது எங்கட ஒழுங்கை அப்பு!” நாள்தோறும் படலையடியில் கண்டு சிரித்துவிட்டுப் போகிற மனிதர். அவர் இளமையில் இசை நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்துவை அவள் பாடமாக்கி வைத்திருந்தாள். அவருடைய ‘அரிச்சந்திர மயான காண்டம்’ மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது என்றும் எழுதுவாள். அந்த மரபைச் சேர்ந்த ஒருவர் நாலு வீடு தள்ளியே இருந்திருக்கிறார். விழா முடிவதற்குள் ஓடிப்போய் அவரோடு பேசிவிட்டு வந்தாள். அன்றைய பயணத்தின் பயன் எனக்கு அதிலேயே கிடைத்துவிட்டது.

காத்தவராயன் கூத்து வந்தபோது உரைகள் நேரத்தை விழுங்கியிருந்தன. இருபது நிமிடம்தான் கொடுத்தார்கள். உடுக்கும் ஆர்மோனியமும் சேர்ந்து எழும்பியதும் மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. காத்தான் துள்ளு நடையில் வந்தான்; தாய் முத்துமாரியோடு தர்க்கம் தொடங்கியது; சூடு பிடிக்கிற இடத்தில் மங்களம் பாடி முடித்துவிட்டார்கள்.

பின்னால் இருந்த மாணவன் கேட்டான்: “இது விடிய விடிய ஆடுறதெண்டுதானே ரீச்சர் படிச்சனாங்கள்? ஏன் இப்பிடிக் கெதியா முடிச்சவை?” அவனை அண்ணாவியாரிடமே கூட்டிப் போனேன். “தந்த நேரம் அவ்வளவுதான் தம்பி” என்றார் அவர். பிறகு தானாகவே விளக்கத் தொடங்கினார். ஒரே காத்தானைச் சிறுவன், இளைஞன், முதிர்ந்தவன் என்று இரவு முழுவதும் பலர் மாறி மாறி ஆடுவார்களாம். கழுவேற்றம் வருகிற நேரம் கிழக்கு வெளுக்கத் தொடங்குமாம். ஒரு காத்தானிடமிருந்து அடுத்த காத்தானுக்கு ஆட்டம் கைமாறுகிற இடத்தில் சனம் எப்படி அமைதியாகிவிடும் என்று சொன்னபோது அவருடைய கைகள் தாமாகத் தாளம் போட்டன. பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டார்கள். என்னுடைய எந்தப் பாடத்திலும் அவர்கள் அப்படி நின்றதில்லை.

கூத்தைச் சுருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 1956இல் சரச்சந்திர பேராதனை மாணவர்களைக் கொண்டு ‘மனமே’யை மேடையேற்றிச் சிங்கள அரங்கைத் திருப்பிவிட்டார். அங்கேயே விரிவுரையாளராக இருந்த தெல்லிப்பழை சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு தமிழ் மாணவர்களைப் பழக்கி, 1962இல் ‘கர்ணன் போர்’ தந்தார். ‘இராவணேசன்’ பின்னர் வந்தது. விடிய விடிய ஆடிய கூத்தை அவரும் சுருக்கினார். ஆனால் அதற்கு முன் மாணவர்கள் கால் நோக ஆடிப் பழகினார்கள், எதை விடலாம் எதை விடக் கூடாது என்று அண்ணாவியாரோடு சேர்ந்து தீர்மானித்தார்கள். விழா மேடையில் அதைத் தீர்மானிப்பது கடிகாரம். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பெரும் தவறு.

எண்பதுகளில் ஊரடங்கும் ஷெல்லடியும் இடப்பெயர்வும் யாழ்ப்பாணத்தில் இரவு அரங்கை முடக்கின. ஒரு தலைமுறை இருட்டினால் வீட்டுக்குள் என்று வளர்ந்தது. அந்த நாட்களில் கூத்து சுருங்கியதற்கு நியாயம் இருந்தது. இன்று திருவிழாக் காலத்தில் சனம் நள்ளிரவு தாண்டியும் வீதியில் நிற்கிறது. அம்மன் கோயில்களில் நேர்த்திக்காகக் காத்தவராயன் விடியும் வரை ஆடப்படுகிறது. நேரமும் இருக்கிறது, ஆட ஆட்களும் இருக்கிறார்கள்.

ஆகவே விழாக்களை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன்: உரைகளைப் பகலோடு முடித்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு கூத்தையாவது திறந்த வெளியில், முழு இரவுக்கு, அண்ணாவியார் விரும்புகிற அளவுக்கு ஆட விடுங்கள். அரங்கியல் கற்பிக்கும் ஆசிரியர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் கூத்துப் பழகுகிற வளவு எது என்று விசாரித்து, பெற்றோரிடம் சொல்லி, பிள்ளைகளை ஒரு மாலைக்கு அங்கே கூட்டிப் போய் இருத்துங்கள். அண்ணாவிமார் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது.